கணக்குக் கேட்கும் இயந்திரம்

2023ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்து அருகில் அமர்ந்தார். திருவண்ணாமலையில் அவலூர்ப்பேட்டைச் சாலைப் பக்கம் சிறியதோர் இரும்புப் பட்டறை நடத்துபவர் அவர். அரிசி ஆலைக்கும் பம்புசெட்டுக்கும் வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வருகிறார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

மஸ்அலா இதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று மாதந்தோறும் வேலை கொடுக்க முன்வந்திருக்கிறது. இரும்புத் தகட்டில் வட்டக் குழி வெட்டித் தரவேண்டும். வட்டம் 0.02 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. அவரிடம் இருப்பதோ கையால் சுழற்றி இயக்கும் பழைய மில்லிங் இயந்திரம். கணினி இயக்கும் புதிய இயந்திரம் வாங்க 20 இலட்சத்துக்கு மேலாகும். வங்கி கடன் தர ஆயத்தமாக இருக்கிறது, வட்டி கட்டவேண்டும். வாங்கலாமா?

நாம் ஓதிய கிதாபுகள் என்ன சொல்லுமோ, அதையே சொன்னோம். சொல்லிவிட்டோமே தவிர, அவர் முகம் வாடியதைக் கண்டு நெஞ்சு கனத்தது. ஆகாது என்று ஒரு கதவை அடைப்பவன், ஆகும் என்று இன்னொரு கதவைக் காட்டக் கடமைப்பட்டவன் அல்லவா? காட்ட நமக்கு வழி தெரியவில்லை. சற்று நேரம் மௌனமாக இருந்த மாணவரே வழி கண்டார்.

"அப்படின்னா, இருக்கிற பழைய மெஷினுக்கே புது மோட்டாரும் புது கன்ட்ரோலும் வெச்சுப் பார்க்கிறேன் ஹஜ்ரத். ரெட்ரோஃபிட்னு சொல்வாங்க. மூணுல ஒரு பங்கு செலவுதான்."

அந்த ஒரு பங்கையும் உறவினரும் நண்பரும் கர்ளன் ஹஸனாவாக, வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தனர். நாமும் இயன்ற சிறுதொகை ஒன்றைக் கொடுத்தோம். தொகை சிறிதெனினும் பொறுப்பு பெரிது. நம் சொல்லைக் கேட்டு ஒருவர் தம் பிழைப்பை வேறு பாதையில் திருப்பியிருக்கிறார். அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்காமல் நாம் கிதாபை மூடிவைக்க முடியுமா? ஆகவே வாரம் ஒருமுறை பட்டறைக்குப் போகலானோம்.

ஹெச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து நமக்குக் கைக்கடிகாரமாகவே அறிமுகம். கடிகாரம் அந்நிறுவனத்தின் இரண்டாம் பிள்ளை என்பதைப் பட்டறையில்தான் அறிந்தோம். 1953ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட அந்த அரசு நிறுவனம், முதலில் செய்தவை இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களே. கடிகாரம் வந்தது 1961இல். அந்தக் கடிகாரத் தொழிலை மூடிவிட 2016இல் அரசு முடிவு செய்தது. ஆனால் அந்நிறுவனம் அன்று வார்த்துக் கொடுத்த இரும்பு உடல்கள் நாடெங்கும் பட்டறைகளில் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. நம் மாணவரிடம் இருந்ததும் அவற்றுள் ஒன்று.

லேத்தில் வேலைத்துண்டு சுழலும். வெட்டும் உளி நிற்கும். மில்லிங்கில் வெட்டும் கருவி சுழலும். மேசையின்மீது இறுக்கிய வேலைத்துண்டு அதன் கீழே நகர்ந்து கொடுக்கும். வெட்டுங்கருவியைப் பிடித்துச் சுழற்றும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். மேசையை இடம்வலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்த இரண்டு நீண்ட திருகுகள். முப்பது ஆண்டுகளாக அத்திருகுகளின் கைச்சக்கரத்தைச் சுழற்றி வந்தவர் அப்பட்டறையின் மேஸ்திரி. அறுபதைக் கடந்தவர், மெலிந்த உடல், அதிகம் பேசாதவர். மேசை செல்லவேண்டிய கோட்டைச் சற்றே தாண்டினாலும் அவர் அங்கிருந்தே திரும்பமாட்டார். நன்றாகப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முதலில் வந்த திசையிலிருந்தே வந்து கோட்டில் நிறுத்துவார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று நாம் கேட்டோமில்லை. முதியோர் பழக்கம் என்று எண்ணிக்கொண்டோம்.

இயந்திரத்தைப் பிரித்தபோது எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கேள்வி எழுந்தது. உடலை வைத்துக்கொள்வதில் ஐயமே இல்லை. வார்ப்பிரும்பு புதிதாக வார்த்தெடுத்தபோது உள்ளே இறுக்கம் கொண்டிருக்கும். நாளாக நாளாக அந்த இறுக்கம் தளரும்போது உடல் மயிரிழை அளவு வளையும். அதனால்தான் அந்நாள் ஆலைகளில் வார்ப்புகளை வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டுப் பதப்படுத்திய பின்னரே எடுத்துச் சீவினார்கள். நாற்பது ஆண்டு உழைத்த இரும்பு வளையவேண்டிய அளவு வளைந்து ஓய்ந்துவிட்டது, இனி அசையாது. மேலும் வார்ப்பிரும்பில் கலந்துள்ள கரித்துகள் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். இந்த நிதானம் புதிய இரும்பில் காசு கொடுத்தாலும் எளிதில் கிடைப்பதன்று.

மேசை வழுக்கிச் செல்லும் தளங்கள் மட்டும் தேய்ந்திருந்தன. மேஸ்திரி மூன்று வாரம் குனிந்தபடியே அவற்றைச் சுரண்டிச் சமன்செய்தார். ஒப்புத் தகட்டில் நீல மை தடவித் தளத்தின்மேல் தேய்ப்பார். மேடான இடத்தில் நீலம் ஒட்டும். அவ்விடத்தை மட்டும் கூரிய சுரண்டியால் நூலிழை அளவு எடுப்பார். மீண்டும் மை, மீண்டும் சுரண்டல். ஓர் அங்குலச் சதுரத்துக்குள் எத்தனை நீலப் புள்ளிகள் என்று எண்ணுவார். போதாதென்றால் மீண்டும் தொடங்குவார். சங்கிலிக் கண்ணிகளை அளவோடு அமைக்குமாறு தாவூது நபி (அலை) அவர்களுக்கு இறைவன் இட்ட கட்டளையை ஸபா அத்தியாயத்தில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அளவு என்ற அச்சொல்லின் எடை அந்த மூன்று வாரத்தில்தான் நமக்குப் புரிந்தது.

பழைய ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1800 சுற்றுக்கு மேல் ஓடாது. சிறிய கருவிகள் சீராக வெட்டுவதற்கு அந்த வேகம் போதாது. ஆகவே பல்சக்கரப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, 6000 சுற்று தாங்கும் பேரிங்குகள் கொண்ட புதிய ஸ்பிண்டிலைப் பொருத்தி, மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஒன்றை இணைத்தார்கள். கைச்சக்கரங்கள் இருந்த இடத்தில் சர்வோ மோட்டார்கள் வந்தன.

சர்வோ என்ற சொல் நம்மைச் சற்று நிறுத்தியது. இலத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை, ஏவலாள். நம் அரபியில் 'அப்து' என்பதன் பொருளும் அஃதே. ஜோசப் ஃபார்க்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் கருவியொன்றை அமைத்து, 1873இல் வெளியிட்ட நூலில் அதற்கு 'சர்வோ மோட்டார்' என்று பெயரிட்டார். மாலுமி சிறு பிடியைத் திருப்பினால் நீராவி பெருஞ்சுக்கானைத் திருப்பும். அத்தோடு நில்லாமல், சுக்கான் எவ்வளவு திரும்பிற்று என்ற செய்தி கருவிக்கே திரும்பி வரும். சொன்ன அளவு வந்ததும் நீராவி நிற்கும். கட்டளையை நிறைவேற்றுவது மட்டும் சர்வோவின் இலக்கணமன்று. நிறைவேற்றியதற்குக் கணக்குக் கொடுப்பதும் அதன் இலக்கணம்.

மாணவர் நமக்குப் புரியும்படி விளக்கினார். மோட்டாரின் பின்புறம் என்கோடர் என்ற சிறு வட்டு இருக்கிறது. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் அது 10,000 துடிப்புகளைத் திருப்பி அனுப்பும். ஒரு சுற்றுக்கு மேசை 5 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஒரு துடிப்பு 0.0005 மில்லிமீட்டர். நொடிக்குப் பல நூறு முறை கட்டுப்பாட்டுப் பெட்டி கேட்கிறது: எங்கே இருக்கச் சொன்னேன்? எங்கே இருக்கிறாய்? இடையில் பிழை எவ்வளவு? பிழைக்கு ஏற்ப மோட்டாரை முடுக்குகிறது அல்லது அடக்குகிறது.

பழைய இயந்திரத்துக்குப் போய் இத்தனை செலவா என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லலாம். ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர், எண்களைக் கொண்டு இயந்திரத்தை நகர்த்தலாம் என்று எண்ணினார். அமெரிக்க விமானப்படை பொருளுதவி செய்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சர்வோ ஆய்வுக்கூடம் அப்பணியை ஏற்று, 1952இல் உலகின் முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரத்தை இயக்கிக் காட்டிற்று. அதற்கென்று அவர்கள் புதிய இயந்திரம் எதையும் வார்க்கவில்லை. விமானப்படை மிகுதியாக வைத்திருந்த ஹைட்ரோடெல் என்ற பழைய மில்லிங் இயந்திரத்தை எடுத்து, அதன் உடலில் சர்வோக்களைப் பொருத்தினார்கள். கட்டளை துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. ஆக, இக்கலை பிறந்ததே பழைய உடலில்தான்.

இன்னும் பின்னே செல்வோமாயின் பக்தாதுக்குப் போய்ச் சேர்வோம். பனூ மூஸா என்று பெயர்பெற்ற முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் சகோதரர் மூவரும் 850ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் ஏறத்தாழ நூறு கருவிகளை விவரித்தனர். தானே எண்ணெய் ஊட்டிக்கொள்ளும் விளக்கு, தானே திரியை நீட்டிக்கொள்ளும் விளக்கு ஆகியன அவற்றுள் சில. குறைவு நேர்ந்தால் அக்குறைவே அதை நிறைக்கும் வழியைத் திறக்கிறது. அதே நூற்றாண்டில், அதே பக்தாதில், ஹாரிது என்ற பெரியார் ஒருவர் வாழ்ந்தார், 857இல் மறைந்தார். தம் உள்ளத்தைத் தாமே கணக்குக் கேட்டுவந்தமையால் அவருக்கு 'முஹாஸிபி' என்ற பெயர் நிலைத்தது. மறுமையில் கேட்கப்படும் முன்னர் இம்மையிலேயே தன் கணக்கைத் தானே பார்ப்பது முஹாஸபா. ஒரே நகரில் ஒருசாரார் கருவிக்கும் ஒருவர் உள்ளத்துக்கும் ஒரே கலையைப் பயிற்றிக்கொண்டிருந்தனர் போலும் என்று எண்ணி மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குத்தான் விரைவில் பாடம் கிடைத்தது.

2023 நவம்பர் 26ஆம் நாள் கார்த்திகை தீபம். ஊர் முழுதும் மனிதத் தலைகள். சாலைகளில் வண்டி ஓடவில்லை. பட்டறைக்கு வேறு வேலையும் வரவில்லை. சோதனைக்கு அதுவே நல்ல நாள் என்று மாணவர் இயந்திரத்தை ஓட்டினார். மாலையில் மலையுச்சியில் தீபம் தெரிந்து தெருவெங்கும் ஆரவாரம் எழுந்தபோது, உள்ளே ஸ்பிண்டில் ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. திரையில் ஒரு வட்டம் அழகாக முடிந்தது. பிழை 0.001க்குள் என்றது திரை. மாணவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நாமும் சொன்னோம்.

வேலைத்துண்டைத் துடைத்துப் பார்த்தார்கள். வட்டத்தின் நான்கு திசையிலும் நான்கு படிகள். கண்ணுக்கே தெரிந்தன, விரல் வைத்தால் தட்டிற்று. மீண்டும் ஓட்டினார்கள். திரையில் மீண்டும் குறையற்ற வட்டம்; இரும்பில் மீண்டும் அதே நான்கு படிகள். மாணவர் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து, நள்ளிரவில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கடன் கொடுத்தவர்களின் முகங்கள் அவர் கண்முன் வந்திருக்கும். நம் கண்முன் அந்தத் திண்ணை வந்தது.

மறுநாள் காலை மேஸ்திரி வந்து துண்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை வருடினார்.

"ஸ்குரூவுல ஆட்டம் இருக்குது தம்பி. நடுவுல அஞ்சு கோடு, ஓரத்துல ரெண்டு கோடு. எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?"

"ஸ்குரூவையும் மாத்துவீங்கன்னு நெனச்சேன். மாத்தலைன்னதும் கேக்கலாம்னு வந்தேன். எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பாத்துக்கும்னீங்க. அப்புறம் நான் என்ன சொல்றது?"

உண்மை அதுதான். செலவைக் குறைக்க எண்ணிப் பழைய திருகுகளை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். திருகுக்கும் அதன் மரைக்கும் இடையே தேய்மானத்தால் ஓர் இடைவெளி. பட்டறைக்காரர்கள் பேக்லாஷ் என்பர். கைச்சக்கரத்தில் ஒரு கோடு 0.05 மில்லிமீட்டர், ஐந்து கோடு என்றால் கால் மில்லிமீட்டர். ஒரே திசையில் போகும்வரை அது வெளியே தெரியாது. திசை திரும்பும்போது, அந்த இடைவெளி தீரும்வரை மோட்டார் சுற்றும், மேசை நிற்கும். வட்டம் வெட்டுகையில் ஒவ்வொரு திருகும் இரண்டிடத்தில் திசை திரும்பவேண்டும். ஆகவே நான்கு படி. மேஸ்திரி எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்தியதன் காரணம் அப்போது விளங்கிற்று. மாணவர் டயல் கேஜ் வைத்துச் சோதித்ததும் ஒரே திசையில்தான். ஆதலால் அவருக்கும் அது சிக்கவில்லை.

அப்படியானால் திரை பொய் சொல்லிற்றா? இல்லை. அது தான் அறிந்ததைச் சொல்லிற்று. என்கோடர் இருப்பது மோட்டாரின் முதுகில். மோட்டார் எவ்வளவு சுற்றிற்று என்பதே அதற்குத் தெரியும். மேசை நகர்ந்ததா என்பது தெரியாது. சொன்னபடி சுற்றினேன் என்று மோட்டார் கணக்குக் கொடுத்தது. சரி என்று பெட்டி ஏற்றது. கணக்குக் கேட்டது உண்மை. கேட்ட இடம்தான் பிழை.

இதைக் கேட்டபோது நமக்குச் சுருக்கென்றது. நாம் நாள்தோறும் நம்மிடம் கேட்கும் கணக்கு எந்த இடத்தில் கேட்கப்படுகிறது? இத்தனை பாடம் நடத்தினோம், இத்தனை பக்கம் ஓதினோம், இத்தனை பேருக்கு மஸ்அலா சொன்னோம் என்று மோட்டாரின் சுற்றுகளைத்தானே எண்ணுகிறோம்? மேசை நகர்ந்ததா, கேட்டவர் வாழ்வில் அது என்னவாக வெட்டப்பட்டது என்று எங்கே போய்ப் பார்த்தோம்? வட்டி கூடாது என்று சொன்ன அன்றே நம் கடமை முடிந்தது என்று வீட்டில் இருந்திருந்தால், நம் திரையிலும் குறையற்ற வட்டம்தான் தெரிந்திருக்கும்.

பழைய திருகை வைத்துக்கொண்டே சரிக்கட்ட ஒரு வழி இருந்தது. இடைவெளி இவ்வளவு என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டால், திசை திரும்பும்போதெல்லாம் அது அவ்வளவு கூடுதலாகச் சுற்றிக்கொள்ளும். மேஸ்திரியின் ஐந்து கோட்டை 0.25 என்று உள்ளே எழுதினார்கள். படிகள் குறைந்தன, மறையவில்லை. அதிகம் உழைத்த நடுப்பகுதி அதிகம் தேய்ந்திருக்கிறது. ஓரம் அவ்வளவு தேயவில்லை. ஓர் எண் இரண்டுக்கும் பொருந்துமா? மேலும், வெட்டும் கருவி சுழலும் வேகத்தில் மேசையை அந்த இடைவெளிக்குள் இழுத்துப்போடும். இடைவெளியை எண்ணால் மறைக்கலாம், நீக்க முடியாது.

ஆகவே திருகுகளையே மாற்ற முடிவாயிற்று. பால் ஸ்க்ரூ என்பது திருகுக்கும் மரைக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டோடும் அமைப்பு. உரசல் இல்லை, உருளல் மட்டுமே. சற்றுப் பெரிய குண்டுகளை இட்டு இடைவெளியே இல்லாதபடி செய்வர். அதற்கு மேலும் பணம் வேண்டியிருந்தது. உம்ராவுக்கென ஒதுக்கி வைத்திருந்ததில் ஒரு பகுதியை நாமும் கொடுத்தோம். திண்ணையில் சொன்ன சொல்லுக்கு அது நாம் கட்டிய ஈடு என்றே கருதினோம்.

ஸ்பிண்டில் தலையை மேலும் கீழும் நகர்த்தும் திருகை மாற்றும்போது மேஸ்திரி மீண்டும் வாய் திறந்தார். இம்முறை அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள். பழைய திருகில் உரசல் மிகுதி. கைவிட்டாலும் அந்த உரசலே பாரத்தைத் தாங்கி நிறுத்தும். குண்டுத் திருகில் உரசல் இல்லை. மின்சாரம் நின்றால் தலை தன் பாரத்தால் தானே கீழே இறங்கிவிடும். கீழே கை இருந்தால் என்னாவது? எனவே மின்சாரம் அற்ற கணமே இறுகப் பிடித்துக்கொள்ளும் பிரேக் உள்ள மோட்டாராக அதற்கு வாங்கினார்கள். இதையும் நாம் நினைவில் வைத்தோம். அந்தக் காலத்து வாழ்வில் ஊர்க்கட்டுப்பாடும் முதியோர் கண்டிப்பும் ஆயிரம் உரசல்களாக இருந்து மனிதனைக் கீழே விழாமல் தாங்கின. இன்று எல்லாம் வழவழப்பாகிவிட்டது. வழவழப்பு நல்லதே. ஆனால் தாங்கிநின்ற உரசலை எடுத்தவன், அதனிடத்தில் பிரேக் ஒன்றை வைத்தாக வேண்டும். அதன் பெயர்தான் தக்வா.

2024ஆம் ஆண்டு ரமளான் பிறைக்கு முந்திய வாரம் வட்டம் ஒழுங்காக வந்தது. திரையைப் பார்த்து யாரும் மகிழவில்லை. மேஸ்திரி கட்டைவிரலால் வருடி, பிறகு டயல் கேஜை வட்டத்தின் உள்ளே சுற்றவிட்டு, முள் 0.01க்குள் ஆடியதைக் கண்டு தலையசைத்த பின்னரே அனைவரும் மூச்சுவிட்டோம். துண்டுகள் சென்னைக்குப் போயின, ஏற்கப்பட்டன. கடன் சிறுகச் சிறுகத் திரும்பி வருகிறது. கைச்சக்கரம் போனதால் மேஸ்திரி போகவில்லை. இன்று ஒவ்வொரு துண்டும் அவர் கையைத் தொட்டே வெளியே போகிறது. இரண்டு இளைஞர்கள் அவரிடம் நீல மையும் சுரண்டியும் கற்கிறார்கள்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்ததை ஊர் அறியும். மரத்தேரின் உருவை மாற்றாமல் ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் மட்டும் புதுக்கினார்கள். நம் மத்ரஸாக்களைப் புதுக்குவது பற்றிப் பேசும் அன்பர்களுக்கும் இதையே கூறுவோம். உடல் பழையது என்பதற்காக உடைக்கவேண்டாம். அது ஆண்டுக்கணக்கில் பதப்பட்ட இரும்பு. புதிய கட்டளை வேண்டாம் என்றும் சொல்லவேண்டாம். ஆனால் கணினி வாங்கி வைத்ததையும் கட்டடம் எழுப்பியதையும் கணக்காகக் காட்டாதீர். மாணவனின் கையில் வந்த வட்டத்தை விரலால் வருடிப் பாருங்கள். வருடத் தெரிந்த முதியவர் யாரேனும் ஒரு மூலையில் பேசாமல் நிற்பார், அவரைக் கேளுங்கள்.

நான்கு படி விழுந்த அந்த முதல் துண்டை மாணவரிடம் கேட்டு வாங்கிவந்தோம். கிதாபுகள் வைத்திருக்கும் அலமாரியில் அது இருக்கிறது. யாரேனும் மஸ்அலா கேட்டு வந்தால், பதில் சொல்லும் முன் ஒருமுறை அதைக் கையில் எடுத்து வருடிப் பார்த்துக்கொள்கிறோம். கணக்குக் கேட்கவேண்டிய இடத்தில் கணக்குக் கேட்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.